பின்சீட்டில் ஒரு நல்ல சிஷ்யை

ரத்த அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் என் கணவர் ஊறுகாயை விடுவார் என்று நினைத்தேன். அவர் ஊறுகாயை விடாமல் மைண்ட்ஃபுல்னெஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், எதையாவது பிடித்தாக வேண்டுமே. ஃபோனில் ஒரு வெள்ளைக்காரி, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று ஆங்கிலத்தில் கொஞ்சுவாள். இவர் கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பூணூல் போட்ட நாளிலிருந்து ஸ்ரீரங்கத்தில் சந்தியாவந்தனம் பண்ணுகிறவர். அதிலும் மூச்சை இழுத்து, நிறுத்தி, விடுவது உண்டு. ஆனால் இவர் பண்ணுகிற பிராணாயாமத்தைப் பார்த்தால் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டுகிறார் என்றுதான் தோன்றும். ஒரு கண் டிவி செய்தியில் இருக்கும்.

"இதுல என்ன புதுசு? தினம் பண்றதுதானே?" என்று கேட்டேன்.

"அது கடமைடி. இது சயின்ஸ்" என்றார். தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

பொய் சொல்லக் கூடாது, விஷயம் நல்ல விஷயம்தான். இந்த நிமிடம் நடப்பதைக் கவனி. மனசு ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு வா. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதே. அவ்வளவுதான். ஆறாம் வகுப்புக்கு மத்தியானத்தில் கணக்கு எடுக்கிறவள் நான். ஓடுவதைத் திரும்பக் கூட்டி வருவதுதான் என் பிழைப்பே. ஆனால் எங்கள் வீட்டில் அது வேறு விதமாக நடந்தது. சாப்பிடும்போது ரசத்தின் மிளகு மணத்தை மட்டும் கவனிப்பார். பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்பது அடுத்த பாடத்தில் வரும் போலிருக்கிறது. "டேங்க் வழியறது, மோட்டாரை நிறுத்துங்கோ" என்று கத்தினால், மூடிய கண்ணோடு ஒரு கை மட்டும் உயரும். தண்ணீர் வழிகிற சத்தத்தைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நான்தான் ஓடிப்போய் நிறுத்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மூச்சுப் பயிற்சி பண்ணுகிற குழு காவிரிக்கரையில் இருக்கும் முக்கொம்புக்குக் கிளம்பியது. புளியோதரை தூக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள். மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். சரி, வந்ததற்குச் செய்வோமே என்று நானும் கவனித்தேன். மதகில் தண்ணீர் விழுகிற சத்தம், குழந்தைகள் போடுகிற கூச்சல், பஜ்ஜிக்கடை எண்ணெய் எல்லாம் கேட்டன. எல்லாமே இடது பக்கத்திலிருந்து வந்தன. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. அங்கேதான் என் கணவர் உட்கார்ந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து பார்த்தேன். இருந்தார். மார்பு ஏறி இறங்கியது. சத்தம்தான் இல்லை.

இடது காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். ஆறு நின்றுவிட்டது.

பெருமாளே, அப்படி நான் பயந்ததே இல்லை. கொஞ்ச நாள் முன்னால் வந்த காய்ச்சலும், அதற்குப் பிறகு வகுப்பில் எந்த பெஞ்சிலிருந்து பேச்சு வருகிறது என்று தெரியாமல் நான் விழித்ததும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. இந்தப் பயிற்சி வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு முதல் நாளே வேலை செய்தது.

"என் காது..." என்று ஆரம்பித்தேன். "உஷ்! மௌனம்" என்றார். வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். "சாப்பிடறச்சே பேசாதேன்னு சொல்லியிருக்கேனோல்லியோ?" என்றார். மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு, காது சரியாகக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறது என்று நேராகவே சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்தக் கவலையை ஒரு மேகம் மாதிரி பாரு. தானா போயிடும்."

தனியாக டாக்டரிடம் போயிருக்கலாம். போகத் தெரியாதவள் இல்லை. ஆனால் டாக்டர் ஏதாவது சொல்லித் தொலைத்தால், அதைக் கேட்க என்னோடு இன்னொரு ஜோடிக் காது வேண்டியிருந்தது. அதனால் நாள் கடத்தினேன்.

இதற்குள் என் கணவர் குழுவில் யாரிடமோ ஃபோனில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "எங்காத்துல எவ்ளோ மாற்றம் தெரியுமோ? ஸ்கூட்டர்ல போறச்சே முன்னெல்லாம் வாய்க்கு வாய் பதில் சொல்லுவா. இப்போ நான் என்ன சொன்னாலும் அமைதியா 'ம்'ங்கறா. எல்லாம் என் பயிற்சிதான்."

தினமும் காலையில் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். புடவையில் பக்கவாட்டாக உட்கார்ந்தால் என் வலது காது அவர் முதுகுப் பக்கம் இருக்கும். பாலத்து இரைச்சலில் ஹெல்மெட் ஆடுவதை வைத்துத்தான் அவர் பேசுகிறார் என்றே தெரிந்துகொள்வேன். ஆடும்போதெல்லாம் 'ம்' போடுவேன். அதைத்தான் ஞானம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பேசி முடித்துக் கண்ணை மூடியதும், வந்த கோபத்தில் ஃபோனில் வெள்ளைக்காரியை அணைத்தேன். "நாளைக்கு சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். மூச்சை வழியில விட்டுக்கலாம்" என்றேன்.

தில்லைநகரில் காது டாக்டர் சோதனையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்: "வலது காது நல்லாவே போயிருக்கும்மா. மருந்து தரேன், ஆனா ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. ஆரம்பத்துலயே வந்திருக்கணும்." பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வீட்ல நீங்க எதுவும் கவனிக்கலையா சார்? கூப்பிட்டா திரும்பாம இருந்தாங்களா?"

இவர் மூச்சை நிதானமாக இழுத்து விட்டார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர். இப்பல்லாம் முன்னைவிட நன்னா கேக்கறா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது பாலத்தில் ஹெல்மெட் ஆடியது. நான் 'ம்' போடவில்லை. மறுபடி ஆடியது. அதற்கும் போடவில்லை. பாலம் முடிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினார்.

"என்ன, பதிலையே காணோம்?"

"இப்படி உட்கார்ந்தா நீங்க பேசறது கேக்காது. அந்தக் காய்ச்சலுக்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"ஒரு வார்த்தைகூடவா? அப்போ அந்த 'ம்'?"

"உங்க ஹெல்மெட் ஆடித்து. சொன்னேன்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். என் காது போயிற்று என்று டாக்டர் சொன்னபோது அசையாத முகம் இப்போது தொங்கிவிட்டது. வாய் திறந்தபடி இருந்தது. மூச்சை மறந்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்போ நான் இத்தனை நாள் சொன்னதெல்லாம்?" என்றார்.

"அந்தக் கவலையை ஒரு மேகம் மாதிரி பாருங்கோ. தானா போயிடும்" என்றேன். "இப்போ வண்டியை எடுங்கோ."