வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

கல்லூரி நூலகர் ஆகப்போகிறவனுக்குக் கார்டு எழுதக் கற்றுக் கொடுப்பார்கள், நம்பர் போடக் கற்றுக் கொடுப்பார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த மட்டும் ஒருத்தரும் கற்றுக் கொடுக்க மாட்டார்கள். இந்த வேலையில் என்னோடு மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா!

எழுபதுகளின் கடைசியில் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தேன். பிள்ளைகள் தாங்களே புத்தகம் தேடப் பழகவேண்டும் என்று பிரின்ஸ்பாலை ஒரு வருஷம் நச்சரித்து, முதலாம் ஆண்டுக்கு வாரம் ஒரு பீரியட் வாங்கினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். மார்ச்சில் வரும் இன்ஸ்பெக்‌ஷன் குழு நல்லது என்றால் தொடரலாம், இல்லையென்றால் டிரில்லுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். என் மானம் மரியாதை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருந்தது.

முதல் வகுப்பு

எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே நானும் செய்தேன். என்னுடைய பழைய நோட்டைப் பிரித்து, அறிவுத்துறைகளின் பத்துப் பிரிவுகளை டிக்டேஷன் போட்டேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். ஆஹா, என்ன ஈடுபாடு என்று பூரித்துப்போனேன். மணி அடித்ததும் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், இது பத்து மார்க் கேள்வியா, ரெண்டு மார்க்கா?"

பத்திரமாகக் கொண்டுவந்தது

நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புத்தகத்துக்கு ஒரு கார்டாக அடுக்கிய கேட்டலாக் டிராயரைத் திறந்தே காட்டினேன். கார்டில் இருக்கிற நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதே நம்பர் வரிசையில் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்குப் போகவேண்டும் என்று மூன்று வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். நாலாவது வாரம் சேரப்பணஞ்சேரிப் பையன் ஒருவன் கையில் கார்டோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், கையில் ஆளுக்கொரு கார்டு. டிராயரின் அடியில் கார்டுகளைக் கோத்திருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி உருவிவிட்டார்கள். தப்பு நடந்ததாகவே அவன் முகத்தில் இல்லை. "எழுதிக்கினு வந்தா தப்பா பூடும் சார். அதான் ஒரிஜினலையே கொண்ணாந்துட்டேன்."

கார்டுகளைத் திரும்ப அடுக்க இரண்டு நாள் ஆனது.

சக ஊழியரின் கவலை

வேதியியல் பேராசிரியர் ஒருவர் வாராவாரம் போர்ஷன் முடியவில்லை என்று சொல்லி என் பீரியடைக் கேட்பார். நான் கெஞ்சுவேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், உங்களுக்கு வேறு மணி நேரமே கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். மனுஷர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்: "நீங்க பழக்கி விட்டுடறீங்க. அவங்க புக்கைப் படிச்சுட்டு வந்து என்னைக் கேள்வி கேக்கறாங்க சார்."

ஒருத்தி

வல்லக்கோட்டையிலிருந்து வரும் கன்னியம்மா விலங்கியல் மாணவி. வாயே திறக்கமாட்டாள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, டிராயரைத் திறந்தாள், நம்பரை எழுதினாள், நேராக அலமாரிக்குப் போய் மண்புழுவைப் பற்றிய புத்தகத்தை எடுத்து வந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. "அவ்ளோதானா சார்? இதுக்கா இத்தினி மாசம் சொன்னீங்க?"

இன்ஸ்பெக்‌ஷன்

குழு வந்தது. பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுத்தீர்கள், காட்டுங்கள் என்றார் ஒருவர். தைரியமாகக் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். அவளும் நம்பரை எழுதிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேல் தட்டைப் பார்த்தாள், கீழ்த் தட்டைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். புத்தகங்களெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக, பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோல வரிசையாக நின்றன. குழுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கன்னியம்மா அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "நம்பரு கரீட்டா கீது சார். புக்குதான் அங்க இல்ல."

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் காபி வந்துவிட்டது. அலமாரிகள் வெகு நேர்த்தி, மாணவர்களுக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

முனுசாமி

முனுசாமி எங்கள் நூலக அட்டெண்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெரிய மனுஷங்க வருகிற நாளில் மேடும் பள்ளமுமாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, முந்தின நாள் சாயங்காலம் நான் போனபிறகு தூசி தட்டி, உயரம் பார்த்து அடுக்கியிருக்கிறார். பாராட்டுவேன் என்று வேறு காத்துக்கொண்டிருந்தார். எட்டு மாசமாக இதைத்தானே இங்கே கத்திக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லையா என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "வெள்ளிக்கெயம ஆனா பசங்க ஓடாம பாத்துக்கன்னு என்னிய வாசலாண்ட நிக்க வச்சீங்க சார். எனக்கு எங்க சொன்னீங்க?"



ஜூன் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் டிரில் ஆகிவிட்டது. அங்கே பிள்ளைகளை உயரம் பார்த்து நிறுத்தினார்கள், ஒருத்தரும் காணாமல் போகவில்லை.