பட்டினித் தட்டுகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் மண்ணக்கா. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவள். ஒரு சிட்டிகை மண்ணை நுண்ணோக்கியில் வைத்தால் எள் விழ இடமில்லாத கூட்டம் தெரியும். அதையே சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வளர்த்தால், நாலைந்து தடியன்கள் மட்டும் எழுந்து தட்டை அடைத்துக்கொள்ளும். மற்றவையெல்லாம் எங்கே போயின?

"அதெல்லாம் செத்தது மேடம், விட்டுத் தள்ளுங்க" என்பார் இயக்குநர்.

உயிரோடுதான் இருக்கின்றன என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் அவளுக்கு. இறைச்சிச் சாறு, சர்க்கரை, ஈஸ்ட் என்று மாப்பிள்ளைக்கு ஆக்குவது போல விதவிதமாக ஆக்கிப் போட்டாள். ம்ஹூம்! அலுத்துச் சலித்து நிமிர்ந்தபோது ஓய்வுபெறும் நாளே வந்துவிட்டது.

அலமாரியைக் காலி செய்யும்போது பின்வரிசையில் சில தட்டுகள் அகப்பட்டன. சில மாதங்களுக்கு முன், கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் ஊற்றியவை. இரவெல்லாம் அங்கே, பகலெல்லாம் இங்கே. அந்த அசதியில் சாறும் சர்க்கரையும் சேர்க்க மறந்து, சத்தேதும் இல்லாத வெறும் அகார் கூழை ஊற்றிவிட்டாள். மண்கரைசலைத் தடவிய பிறகுதான் உறைத்தது. கழுவக் கையில் தெம்பில்லை. உள்ளே தள்ளியவள் மறந்தே போனாள்.

இப்போதாவது கழுவித் தொலைக்கலாம் என்று வெளிச்சத்தில் பிடித்தாள். தட்டு நிறையக் குண்டூசி முனையளவுப் புள்ளிகள். தடியன் ஒருவனையும் காணோம்.

"அடப்பாவமே! இத்தனை வருஷமா சோறு போட்டுப் போட்டே உங்கள அமுக்கிட்டேனே!"

சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

சாவி வாங்க வந்த இயக்குநர் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளியிலேருந்து விழுந்த தூசியா இருந்தா?"

"இருக்கலாம் சார். புதுத் தட்டுல மறுபடி வளந்தாத்தான் நிச்சயம். மாசக்கணக்காகும்."

"நாளைக்கு இந்த ரூமுக்கு வேற ஆள் வர்றாரே மேடம்."

"ரூம் வேண்டாம். அலமாரில ஒரு மூலை போதும்."

அவர் தலையாட்டினார். "வேளாவேளைக்கு என்ன போடணும்?"

"ஒண்ணும் போடாதீங்க. அது போதும்."

பழைய புள்ளிகளைத் தொட்டு, வெறும் அகார் ஊற்றிய புதிய தட்டுகளில் தடவி மூலையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

மாதங்கள் போயின. ஒரு காலையில், படுத்திருந்தவளின் காதில் கணவர் போனை வைத்தார்.

"மேடம், தட்டு நிறைய வந்திருக்கு," என்றார் இயக்குநர். "எல்லாம் உயிரோடதான் இருக்கு."

"யாராச்சும் எதாச்சும் போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம்."

"சரி சார்" என்று போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தூங்கினாள். அவர் எழுப்பவில்லை.