ஊதி அணைத்த கற்பூரம்

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியே காலம் தள்ளியவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் முன்னால் பேச்சு வராது. இப்படிப்பட்டவன் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் பேசாமல் விட்டது இன்னும் உள்ளே எரிகிறது, அதனால்தான்.

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் மல்லாக்கொட்டை வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு காசிக்குப் போக ஒரு பழைய வேனை வீடு மாதிரி மாற்றியிருந்தார். உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி. மலைப்பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன இரண்டு சோலார் தட்டுகளும் அவரிடம் இருந்தன. வழியில் எங்கே நிறுத்தினாலும் டியூப்லைட்டும் ஃபேனும் வேண்டும் என்றார்.

நாலு நாள் அந்த வேனிலேயே கிடந்தேன். தட்டுகளைக் கூரையில் பூட்டினேன். ரேடியோ மெக்கானிக் செய்து தந்த இன்வெர்ட்டரை அலமாரிக்குள் வைத்தேன். இரண்டு லாரி பேட்டரிகளைப் படுக்கைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இறக்கினேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும். அது அடைபட்டுக் கிடந்து, நெருப்பு பட்டால் வெடிக்கும். ஆசிட் முகத்தில் அடிக்கும். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு அப்படித்தான் ஒரு கண் போனது. அதனால் பெட்டியின் மேல்புறத்தில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து வெளியே விட்டிருந்தேன். வியாபாரிக்கு அது அசிங்கமாகத் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்காமல் ஆசாரியை விட்டுக் குழாயைப் பிடுங்கி, ஓட்டைமேல் சன்மைக்கா ஒட்டிவிட்டார்.

பூஜைக்கு வேனைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்திய சாயந்திரம்தான் அதைப் பார்த்தேன். பகல் முழுக்க வெயிலில் சார்ஜ் ஏறியிருந்தது. குருக்கள் வண்டிக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும், "உள்ள பேட்டரிக்கும் காட்டணும்" என்று வியாபாரி கற்பூரத் தட்டை வாங்கிக்கொண்டு ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். அவர் சம்சாரம் பொட்டு வைக்கப் பெட்டி மூடியைத் தூக்கினார். பேட்டரி சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"வேணாங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. தட்டு பெட்டியை நெருங்கியது. வாயால் ஊதி அணைத்துவிட்டேன்.

"எச்சி வாயாலயா ஊதினே? இன்னா திமிருடா உனக்கு!" வியாபாரி என் கன்னத்தில் அறைந்தார்.

"காசிக்குப் போற நேரத்துல இப்படிப் பண்ணிட்டானே, பாழாப் போறவன்!" என்றார் அந்த அம்மா.

"பொறந்த நாளு கேக்குன்னு நெனச்சிக்கினான் போல" என்று வெளியே ஒருவன் சொன்னான். கூட்டமே சிரித்தது.

"வெடிச்சிடுங்க..." என்றேன்.

"சாமி நெருப்புல எதுடா வெடிச்சிருக்கு?" என்றார் வியாபாரி.

மூடியும் வேன் கதவுகளும் திறந்தே கிடந்தன. திட்டி முடிப்பதற்குள் வாயு கலைந்து போயிருந்தது. மறுபடி கற்பூரம் ஏற்றி, பேட்டரிக்கு நேராகவே காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? வெடிச்சுதா?" என்றார் வியாபாரி.

என் முதலாளி பக்கத்தில்தான் நின்றிருந்தார். சார்ஜ் ரூமில் பீடி பற்ற வைத்தவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர் அவர். நான் அவரையே பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் வியாபாரியைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சிடுங்க. இவனுக்கு மட்டு மரியாதை தெரியாதுங்க."

கடைக்குத் திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னார்: "நீ பண்ணது சரிதான்டா. அதுக்குன்னு ஊரு நடுவுல அவர முட்டாளாக்கச் சொல்றியா?"

என்னை மட்டும் முட்டாளாக்கலாமா என்று மனசுக்குள் கேட்டதோடு சரி.

அன்றைக்கு ராத்திரியே முதலாளி என்னோடு வேனுக்குப் போய், ஆசாரியைக் கூப்பிட்டுக் குழாயைத் திரும்ப வைக்கச் சொன்னார். "காத்து போனா பேட்டரி ஜாஸ்தி நாள் உழைக்குங்க" என்று வியாபாரியிடம் சொன்னார்.

வியாபாரி தலையாட்டினார். "இப்படிப் பதமா சொன்னா யாரு கேக்க மாட்டாங்க?" என்று என்னைப் பார்த்தார்.

முதலாளி இதே வாயால் கோபுரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே. பதமாகவே சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. அவர்மேல் பாதி, என் தொண்டைமேல் பாதி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் காசிக்குக் கிளம்பியது. முதலாளி வழியனுப்பப் போனார். நான் கடையில் மூன்று லாரி பேட்டரிகளை சார்ஜில் போட்டேன்.