முப்பத்தாறு பாகைப் பிளவு

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஃபர்ஹானாவை அறிந்த ஐந்தாம் படிவ வகுப்புத் தோழிகளே, உங்களுக்காக மட்டுமே போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை கிள்ளான் நகரப் பேருந்தில் இருந்தபோது வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. ஃபர்ஹானா பள்ளி மண்டபத்தில் ஏணியிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

கணித விழாவுக்காக நானும் அவளும் மண்டபச் சுவரில் ஒட்டியதைப் பார்த்திருப்பீர்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்தில் மசூதிச் சுவர்களை அலங்கரித்தவர்களின் முறை அது. அட்டையில் வெட்டிய ஐந்தே வடிவங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே நீளம். ஒவ்வொன்றின் மேலும் சில கோடுகள். துண்டுகள் சேரச் சேர, கோடுகள் இணைந்து நட்சத்திரங்கள் எழும்.

"நாம நட்சத்திரமே வரையலையேடி, பின்ன யாரு வரையுறா?" என்று கேட்டேன்.

"பயப்படாதலா. கணக்கு வரையுது."

எனக்குப் பயம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் உச்சியில் ஓர் ஐங்கோணத்தை ஒட்டினேன். கோடுகள் பொருந்தியதால் தவறு தெரியவில்லை. சுற்றிலும் மற்றத் துண்டுகள் வந்த பிறகுதான் முப்பத்தாறு பாகையில் ஒரு பிளவு நின்றது. ஐந்து வடிவங்களில் எதற்குமே அவ்வளவு கூர்மையான மூலை கிடையாது.

"விடுடி, அவ்ளோ மேல யாருக்குத் தெரியப்போகுது?"

"கோட்டுக்குத் தெரியும்டி, லூசு. நாளைக்கு நான் வந்து பிரிச்சு ஒட்டுறேன். மண்டபச் சாவி மட்டும் எடுத்துக் கொடு."

அலுவலகத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தவள் நான். திங்கட்கிழமைக் கூட்டத்தில், அவள் சாவியைத் திருடி உள்ளே போனாள் என்று முதல்வர் சொன்னபோது வாய் திறக்காமல் நின்றவளும் நான். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவள் அம்மா வெளியே தலைகாட்டவில்லை.

கூட்டம் முடிந்து சுவரைப் பார்த்தேன். பிளவு இல்லை. என் ஐங்கோணமும் இல்லை. உச்சியில் புதிதாக ஒரு நட்சத்திரம் நின்றது. நான் நகர்ந்தால் அதுவும் திரும்பியது. இப்போது கண்ணை மூடினால் கோடுகள் சுவரைத் தாண்டி வளர்ந்துகொண்டே வருகின்றன.

தவறு கண்ணில் பட்டால் திரும்பிப் போய்ப் பிரித்துவிட வேண்டும் என்ற அவளுடைய பிடிவாதம்தான் எனக்கென்று மிஞ்சியிருப்பது. காலையில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்மாடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு இறங்கிப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும்

கதவைத் தட்டுகிறார்கள். அவள் அம்மாவின் குரல்.

"முழிச்சிருக்கியாம்மா? என் புள்ள திருடமாட்டாம்மா. அவளுக்குச் சாவி கொடுத்தது யாருன்னு உனக்காச்சும் தெரியுமா?"

நான்