இரண்டு எஜமானர்கள் வெட்டிய கிணறு

சர்க்காருக்கும் தர்ம சங்கத்துக்கும் நடுவில் நின்று கிராம சேவை செய்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: நம் உத்தியோகத்தில் கையில் ஒட்டும் மண்ணைவிட வாங்கும் திட்டுதான் அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில், கோவில்பதாகைச் சேரிக்குக் குடிதண்ணீர்க் கிணறு அமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தோண்டுவது சர்க்கார், சுவரும் ராட்டினமும் சங்கம்.

சுவர் முந்தியது

திறப்பு விழாவுக்குக் கலெக்டர் துரை நாள் கொடுத்துவிட்டார். சர்க்கார் ஆட்கள் வருவதற்குள் சங்கத்தார் அவசர அவசரமாகச் சுற்றுச்சுவர் எழுப்பி, தங்கள் பெயர் வெட்டிய கல்லையும் பதித்துவிட்டார்கள். பிறகு வந்தவர்கள் சுவரேறி உள்ளே குதித்துத்தான் தோண்டினார்கள். சர்க்கார் ஓவர்சியர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த தபா கூரையும் போட்டுட்டுக் கூப்பிடுங்க."

பாறை

தண்ணீருக்கு முன்னால் பாறை வந்தது. வெடி வைத்தால் சுவர் போய்விடும் என்று சங்கக் காரியதரிசி மறுத்தார். இடத்தை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் ஓவர்சியர். நான் இரண்டு பேர் வாசலுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தேன்; தோண்டுவது பாறையோடு நின்றது.

கிணறு கேட்டு முதலில் வந்தவள் கன்னியம்மாள். ஏரிக் கலங்கலைக் குடித்து வாந்திபேதியில் மகளைப் பறிகொடுத்தவள். இடுப்பில் இருந்த மகனைக் காட்டிச் சொன்னாள்: "இப்ப கீறது இவன் ஒருத்தன்தான் சாமி."

விழா

காய்ந்த கிணற்றைத் துரை பார்த்துவிட்டால் இரு தரப்புக்கும் மானக்கேடு. ஆகவே விடிந்ததிலிருந்து சேரிப் பெண்கள் ஏரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து கிணற்றில் கொட்டினார்கள். துரை ஒரு வாளி இறைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். துரையின் மோட்டார் கார் கிளம்பிய பிறகு கன்னியம்மாள் கேட்டாள்: "நாங்க ஊத்துனத நாங்களே எடுத்துக்கினு போலாமா சாமி?"

கிணறுள்ள ஊர்

சில நாளில் கிணறு வறண்டது. வேறு கிணறு கேட்டுப் போனேன். கிணறுள்ள ஊருக்கு மறுபடி எதற்கு என்றது சர்க்கார். சங்கத்தில் விழாப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கோடையில் அந்தப் பையனும் வாந்திபேதியில் போய்விட்டான். துக்கம் கேட்கப் போன எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவள் அழவில்லை. "கெணறு இல்லன்னா இன்னொரு தபா கேக்கலாம் சாமி. இப்ப இன்னான்னு கேக்கறது?" என்றாள்.

சர்க்காரும் சங்கமும் சண்டையில்லாமல் சேர்ந்து முடித்த காரியம் அந்தத் திறப்பு விழா ஒன்றுதான்.