போகத்துக்கு ஒரு குரல்

பள்ளங்கி என்ற மலைக்கிராமத்துக்கு மேலே நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னால் கொஞ்சம் சோலைக்காடு மிச்சம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட வாட்டில் மரம் பரவிவிட்டது. சோலைக்குள் நான்கு மைக்குகளைக் கட்டிவைத்திருந்தேன். மூன்று மாதச் சத்தத்தைச் சேர்த்து, சென்னையில் ஒரு கண்காட்சியில் வாட்டில் பலகையால் அறை கட்டி, அதற்குள் ஒலிக்கவிடுவது என் திட்டம். அந்த மரம் எதை விழுங்கிவிட்டு வளர்ந்ததோ, அது உள்ளே உட்கார்பவர்களின் காதில் விழ வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியதே பஸ்ஸில் "பள்ளங்கி ஒண்ணு" என்பது மட்டும்தான்.

எதிர் மேட்டில் மலைப்பூண்டு போட்டிருந்தவர் ஒருநாள் காலையில் வந்து நின்றார். காட்டுமாடு இறங்காமல் இருக்கத் தோட்டத்தில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். மாடு கிட்டே வந்தால் சென்சார் கண்டுபிடித்து, பதிந்து வைத்த அதட்டலைப் போடும். ஆனால் எந்தக் குரலும் நாளாக ஆக மாட்டுக்குப் பழகிவிடுமாம். அதனால் போகத்துக்கு ஒரு குரலை யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள். போன தடவை டீக்கடைக்காரர் கொடுத்தாராம்.

"இந்தத் தடவ நீங்க குடுங்க மேடம். ஒங்க கொரலத்தான் இங்க யாருமே கேட்டதில்ல."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இருந்தும், எதிரே இல்லாத மாட்டின் மேல் கோபப்படத் தெரியவில்லை. "ஏய், போ, போ" என்றேன். "மாடு சிரிக்கும் மேடம்" என்றார். அப்புறம் அதுவாக வந்தது.

"போ. போய்த் தொலை. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். இது போதும் என்று, என் ரெக்கார்டரில் பதிந்ததை மெமரி கார்டில் வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மகளிடம் சொன்ன வார்த்தைகள் அவை, ஓர் எழுத்துப் பிசகாமல். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள், சொன்னேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவள் எண் என்னிடம் இருக்கிறது, என் எண் அவளிடம் இருக்கிறது. வீம்பில் அவள் என் மகள்தான்.

அன்றிலிருந்து பொழுது சாயும்போதும் விடியும்போதும் மேட்டிலிருந்து நான் கத்தினேன். சோலையில் பதிந்ததைக் கேட்டால் தவளை, குருவி, இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம், நடுவில் நான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் குரலை ஒவ்வொன்றாக நீக்கினேன். அந்த இடங்களில் குருவியும் சேர்ந்து போயிற்று. கண்காட்சிக்காரர்கள் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேலை கெடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தைகளைத் தினமும் கேட்க முடியவில்லை என்பதுதான் பெரிய உண்மை. ஒருநாள் மேடேறிப் போனேன்.

அவர் இல்லை. அவருடைய மனைவி களை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன்.

"அமத்துனா பூண்டு போயிரும்க்கா. இன்னும் இருவது நாள்தான். அதுமட்டும் பொறுத்துக்கங்க." கை வேலையை விடவில்லை. "மாட்டத் திட்டுனாப்புல இல்லயேக்கா. மாட்டுக்கு ஏது வாசப்படி?"

"எம் மக" என்றேன். அந்த ஊரில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"மறுபடி வந்துச்சா?"

"இல்ல."

"மாடு வருதுக்கா. இம்புட்டு வசவு வாங்கிட்டும் மறுநாளு வந்து நிக்கிது. புள்ளைகதான் ஒருதடவ சொன்னதப் பிடிச்சுக்கிடுதுக. நீங்களே போனப் போடுங்க, வெரசா."

இறங்கி வந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, மேட்டைப் பார்த்த வேலியோரம்தான் கிடைக்கும். அங்கே நின்று, முதலில் சாப்பிட்டியா என்று கேட்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று எனக்கே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அழைத்தேன்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். "அம்மா?" என்றாள்.

சாப்பிட்டியா என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த ஒரு நொடியில் மேட்டில் மாடு இறங்கியிருக்க வேண்டும். "போ. போய்த் தொலை" என்று என் குரல் பள்ளம் முழுக்கக் கேட்டது. "வாசப்படி மிதிக்காதே" வரைக்கும் முழுசாகக் கேட்டது.

"அது ஸ்பீக்கர்டி, நான் இல்ல" என்று நான் கத்தியபோது மறுமுனையில் யாரும் இல்லை. திரும்ப அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.