அரை நாள் விடுப்பும் ஆகாய மார்க்கமும்

ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளை எல்லாரும் பெரியக்கா என்றே கூப்பிடுவார்கள். நீராவியோடு மல்லுக்கட்டிப் பழகிய குரல், லேசில் அடங்காது.

அவள் மகளுக்கு, வேலை பார்க்கும் நகரத்தில் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கொண்டு, வரமாட்டோம் என்றுவிட்டார்கள். "நீ பக்கத்துல நிக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். பெரியக்கா இரண்டு நாள் விடுப்புக் கேட்டாள்.

மேலாளர் கைபேசியைத் தட்டினார். "பிளேன்ல ஒரு மணி பத்து நிமிஷம்தான். அரை நாள் தாராளம். காலையில போயிட்டு மத்தியானம் வேலைக்கு வந்துடலாம்."

"கல்யாணம் நடுவானத்துலயா சார் நடக்குது?"

விதி விதிதான் என்றார். பயண விடுப்பைப் பறக்கும் நேரத்தால் அளப்பது அந்த ஓட்டலின் வழக்கம். அதை வகுத்த மகான்கள் பேருந்துக்குக் காத்து நின்றதே இல்லை. உழைப்பவரின் நேரம் என்றால் வானத்தில்கூட வெட்டிச் சுருக்குவார்கள்.

"அன்னிக்கு எனக்கும் அங்க தலைமை ஆபீஸ்ல மீட்டிங். நீங்களும் அதே பிளேன்ல வாங்க. போயிட்டு வந்து காட்டறேன், பாருங்க."

காட்டினார். விமான நிலையம் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஊருக்கு எங்கோ வெளியே கிடந்தது. சோதனை வரிசையில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கால்சட்டையை இறுகப் பிடித்தபடி மேலாளர் நின்றார். ஏறிய விமானம் கிளம்ப மனமில்லாமல் நின்றது. கிளம்பிய பிறகோ, இறங்க இடமில்லாமல் நகரத்தின் தலைக்கு மேலே வட்டமடித்தது.

"இந்தச் சுத்தும் அரை நாள்ல சேருமா சார்?"

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

இருவருமாக ஒரே டாக்சியில் நெரிசலில் ஊர்ந்தபோது அவருடைய கைபேசி அலறியது. தலைமை அலுவலகத்துப் பெரியவர் பேசியது பெரியக்காவுக்கும் கேட்டது: "ஒரு மணி பத்து நிமிஷப் பயணத்துக்கு இவ்வளவு நேரமா? வழியில தூங்கினீங்களா?"

"இல்ல சார், வரிசை... வட்டம்..."

"கதை விடாதீங்க. மீட்டிங் முடிஞ்சாச்சு. காரணம் எழுதிக் கொடுங்க!"

பெரியக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. டாக்சியின் கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவு அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். "உங்களைப் பார்த்தாப் பாவமா இருக்கு சார். ஆனா பாவப்பட நேரமில்ல. தம்பி, பதிவு ஆபீசுக்கு விடுப்பா!"

அங்கே எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மகளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"எங்கேம்மா போய்த் தொலைஞ்சே?"

"வந்துட்டேன்ல! போடுடி கையெழுத்து."

"ஒரு சாட்சி குறையுதும்மா." சாட்சிக்கு வரவேண்டிய மாப்பிள்ளையின் நண்பன் இன்னொரு விமானத்தில் இன்னும் வட்டமடித்துக்கொண்டிருந்தான்.

"இவர்தான்டி எங்க மேனேஜர்" என்று பெரியக்கா மேலாளரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள்.

"பொண்ணுக்கு நீங்க என்ன உறவு?" என்றார் எழுத்தர்.

மேலாளர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"அம்மாவுக்கு அரை நாள் குடுத்த புண்ணியவான்" என்றாள் மகள்.

அவர் தலை நிமிராமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மகளும் மாப்பிள்ளையும் போட்டார்கள். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெரியக்கா, தலைமை ஆபீசுக்குக் காரணம் எழுதணும். நடந்ததை நீங்களும் கூடச் சொன்னா..."

"சொல்றேன் சார். முதல்ல பயண விடுப்புன்னா போறதுக்கு ஒரு நாள், வர்றதுக்கு ஒரு நாள்னு எழுதுங்க. எனக்கு மட்டும் இல்ல, சலவைக்கூடத்துல இருக்கிற அத்தனை பேருக்கும்."

மேலாளர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.